ஒரு வடநாட்டு மன்னரும் காவிரி நீரும்

2008 நவம்பர் 27, வியாழக்கிழமை. அன்று காலை 'நிஷா' புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியிருந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தூர் கட்டிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் நீருக்குள் கிடந்தது. மின்சாரம் இருந்த வீடுகளில் தொலைக்காட்சி மும்பையைக் காட்டிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு அங்கே தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதல் இன்னும் முடிந்திருக்கவில்லை.

அதே நாளில் தில்லி மருத்துவமனை ஒன்றில் முன்னாள் பிரதமர் விஸ்வநாத் பிரதாப் சிங் தமது 77ஆவது வயதில் காலமானார். மும்பைச் செய்திகளுக்கு நடுவே அந்தச் செய்தி ஒதுங்கி நின்றது. தண்ணீர் வராமல் பயிர் கருகிய காலத்தில் அந்தத் தண்ணீருக்கு ஒரு சட்டவழியைத் திறந்துவிட்டவர் இறந்துபோனார் என்பதை எண்ணிப் பார்க்க, வெள்ளத்தில் நின்ற காவிரிப் படுகைக்கு அன்று நேரமில்லை. அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் நாம் அதை அதிகம் எண்ணிப் பார்க்கவில்லை.

வி.பி. சிங் என்றவுடன் தமிழ்நாட்டில் மண்டல் குழுப் பரிந்துரையும் சமூகநீதியும் நினைவுக்கு வருகின்றன. அது நியாயமானதே. எனினும் காவிரிக் கரையிலிருந்து பார்க்கும்போது அவருடைய வாழ்வின் இன்னொரு முகம் தெரிகிறது. கைக்கு வந்ததை இறுகப் பற்றிக்கொள்ளாத ஒருவர், தமக்கென்று எதையும் தராத ஒரு நிலப்பகுதிக்கு நிலைத்து நிற்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போன கதை அது.

மன்னர் என்ற சொல்

அவரை 'மாண்டா மன்னர்' என்று அழைப்பது வழக்கம். மாண்டா, அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) வட்டாரத்தில் இருந்த ஒரு ஜமீன். ஹைதராபாத், மைசூர் போன்று தனி அரசாக இருந்த சமஸ்தானம் அன்று. 1931 ஜூன் 25 அன்று டையா என்ற ஜமீன் குடும்பத்தில் பிறந்த விஸ்வநாத், ஐந்து வயதில் மாண்டா மன்னர் ராம் கோபால் சிங்குக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார். 1941இல், பத்து வயதில், மாண்டாவின் ராஜா ஆனார். பெற்ற வீட்டைப் பிரிந்து, பெரிய மாளிகையில், உறவினரின் கையை எதிர்பார்த்து வளர்ந்த சிறுவர் அவர்.

அரண்மனை உண்டு, அரசு இல்லை என்னும் நிலை தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதன்று. 1799ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இரண்டாம் சரபோஜி நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1855இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபோது பட்டமும் போயிற்று. ஆட்சி போன பின் ஓர் அரச குடும்பத்தில் எஞ்சுவது எது என்பதற்குச் சரஸ்வதி மகால் நூலகம் சாட்சியாக நிற்கிறது. மாண்டாவுக்கு அந்த நிலை உத்தரப் பிரதேசத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் வந்தது. 1952இல் அது நடைமுறைக்கு வந்தபோது விஸ்வநாத்துக்கு வயது 21.

பறிபோனதை நினைத்து ஏங்காமல், எஞ்சியதையும் கொடுக்கத் தொடங்கினார் என்பதே அவரைத் தனித்துக் காட்டுகிறது. வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் சேர்ந்து, 1957இல் பாஸ்னா கிராமத்திலிருந்த தம்முடைய பண்ணை நிலத்தைத் தானமாகக் கொடுத்தார். கொராவ் என்னும் ஊரில் பள்ளி ஒன்றை நிறுவி, அதில் தாமே பாடமும் நடத்தினார். சட்டமும் இயற்பியலும் படித்தவர். ஓவியம் வரைந்தார், இந்தியில் கவிதை எழுதினார்.

நிலத்தைக் கொடுப்பது எவ்வளவு அரிது என்பதைத் தஞ்சைத் தரணியைவிட நன்கு அறிந்த பகுதி வேறில்லை. 1952இல் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கென்றே கொண்டுவரப்பட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டதன் பின்னணியில் இருந்தது அரைப்படி நெல் கூலி உயர்வுக் கோரிக்கை. இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான், 26 வயது ஜமீன்தார் ஒருவர் தாமாக நிலத்தை எழுதிக் கொடுத்ததன் எடை நமக்குத் தெரியும்.

பதவியும் விலகலும்

1969இல் சொராவ் தொகுதியிலிருந்து உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்துக்கும், 1971இல் பூல்பூரிலிருந்து மக்களவைக்கும் காங்கிரஸ் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திரா காந்தி அவரை வணிகத் துறையில் துணை அமைச்சராக்கினார். 1980 ஜூனில் உத்தரப் பிரதேச முதலமைச்சர் ஆனார். கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்க முடியாவிட்டால் பதவி விலகுவேன் என்று அறிவித்திருந்தார். 1982இல், நீதிபதியாக இருந்த அவருடைய சகோதரரே கொள்ளையரால் கொல்லப்பட்டார். கொள்ளையரின் கொலைகள் தொடர்ந்தன. சொன்னபடி அந்த ஆண்டே விலகினார். காவல் துறை நடவடிக்கைகளின்போது நிகழ்ந்த 'மோதல் சாவுகள்' பற்றிய கடும் விமர்சனமும் அந்த ஆட்சியின்மீது உண்டு. அதையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

1984 இறுதியில் ராஜீவ் காந்தி அவரை நிதியமைச்சராக்கினார். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த இரண்டு ஆண்டுகளை நான் முக்கியமானவையாகக் கருதுகிறேன். 1985 நிதிநிலை அறிக்கையில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் ஏறத்தாழ 62 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வசூலைவிட வழக்குகளை அதிகம் உண்டாக்கிய எஸ்டேட் வரி நீக்கப்பட்டது. 1986இல் 'மாட்வாட்' முறை வந்தது. மூலப்பொருளுக்குக் கட்டிய வரியை முடிவுப் பொருளின் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். வரிமேல் வரி ஏறுவதைத் தடுக்கும் இந்தக் கருத்தின் நீட்சிதான் இன்றைய சரக்கு, சேவை வரி.

வரியைக் குறைத்த கையோடு, ஏய்ப்பவர்மீது சோதனைகளையும் நடத்தினார். பெரிய தொழில் குழுமங்களும் தப்பவில்லை. விளைவாக, 1987 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கு மாற்றப்பட்டார். அங்கே நீர்மூழ்கிக் கப்பல் பேரத்தில் தரகுத்தொகை கைமாறியதாக வந்த தகவலின்பேரில் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஏப்ரல் 12 அன்று அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். நான்கு நாள்களில் போஃபர்ஸ் செய்தி ஸ்வீடன் வானொலியில் வெளியாயிற்று. அதன்பின் காங்கிரஸிலிருந்து நீக்கப்பட்டார். 'இவர் ராஜா அல்லர், பக்கிரி' என்னும் பொருள்பட வட இந்தியாவில் எழுந்த முழக்கம் அந்தக் காலத்தது.

தமிழ்நாடு தந்தது பூஜ்யம்

1988 செப்டம்பர் 17 அன்று தேசிய முன்னணி சென்னையில் தொடங்கப்பட்டது. அதில் திமுக ஓர் உறுப்புக் கட்சி. வி.பி. சிங் அதன் ஒருங்கிணைப்பாளர். 1989 ஜனவரியில் திமுக தமிழ்நாட்டில் ஆட்சிக்கு வந்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐ காங்கிரஸ் - அதிமுக அணி அள்ளிச் சென்றது. எஞ்சிய ஒரே தொகுதி நாகப்பட்டினம். அங்கே இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மு. செல்வராசு வென்றார். தேசிய முன்னணிக் கட்சிகளுக்குத் தமிழ்நாடு தந்த மக்களவை உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

1989 டிசம்பர் 2 அன்று, பாஜகவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து ஆதரிக்க, வி.பி. சிங் பிரதமரானார். மக்களவையில் ஓர் இடமும் இல்லாத திமுகவுக்கு அமைச்சரவையில் இடம் கொடுத்தார். மாநிலங்களவை உறுப்பினரான முரசொலி மாறன் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சரானார். எண்ணிக்கையைப் பொறுத்தே மரியாதை என்ற கூட்டணிக் கணக்குக்கு இது பொருந்தாதது. அந்த அரசு நீடித்தது 11 மாதங்கள். அந்த 11 மாதங்களுக்குள்தான் காவிரிப் பிரச்சினையின் திசை மாறியது.

பேச்சுவார்த்தை என்னும் பொறி

1892, 1924 ஆண்டுகளின் ஒப்பந்தங்களே காவிரி நீர்ப் பகிர்வுக்கு அடிப்படை. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பலனாகவே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரும் தமிழ்நாட்டில் மேட்டூரும் எழுந்தன. 50 ஆண்டுகள் முடிந்ததும் 1974இல் அது காலாவதி ஆகிவிட்டது என்றது கர்நாடகம். மறுபரிசீலனை செய்யலாமே தவிர முடிந்துவிடவில்லை என்றது தமிழ்நாடு. இதற்கிடையில் ஹேமாவதி, ஹாரங்கி, கபினி அணைகள் உருவாயின. மேட்டூருக்கு வரும் நீரின் அளவும் காலமும் நிச்சயமற்றுப் போயின.

தமிழ்நாடு 1971இல் உச்ச நீதிமன்றத்தை அணுகி, பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையில் அடுத்த ஆண்டே வழக்கைத் திரும்பப் பெற்றது. 1968க்கும் 1990க்கும் இடையில் அமைச்சர்கள் நிலையில் 26 முறை பேச்சு நடந்தது. ஒவ்வொரு முறை பேசும்போதும் மேலே ஒரு பாசனப் பரப்பு கூடியது, கீழே ஒரு குறுவை குறைந்தது. காலம் கடத்துவதால் ஒரு தரப்புக்கு லாபமும் மறு தரப்புக்கு நட்டமும் வருமானால், பேச்சுவார்த்தை முடிவுக்கு வராது என்பது பொருளியல் மாணவருக்குத் தெரிந்த பாடம். மேட்டுமடைக்காரருக்கு அவசரமில்லை, கடைமடைக்காரருக்கோ அவசரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

இந்த முடிச்சை முதலில் அவிழ்க்க முயன்றவர்கள் விவசாயிகளே. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983இல் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. நடுவர் மன்றம் அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழ்நாடு அரசு 1986 ஜூலையில் அதே கோரிக்கையை முறைப்படி மத்திய அரசிடம் வைத்தது. இரண்டும் கிடப்பில் கிடந்தன.

ஏன் கிடந்தன என்பதற்கான விடை 1956ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுகள் சட்டத்தில் இருக்கிறது. தகராறைப் பேச்சுவார்த்தையால் தீர்க்க முடியாது என்று மத்திய அரசு 'கருதினால்' நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அப்படிக் கருதாத வரையில் கடமை எழாது. இன்னும் பேசலாம் என்ற ஒரு சொல்லைக் கொண்டே எந்த அரசும் எத்தனை ஆண்டும் நகர்த்திவிடலாம். முந்தைய அரசு அப்படித்தான் நகர்த்தியது.

1990 ஏப்ரலில் முதலமைச்சர்கள் நிலையிலான பேச்சு மீண்டும் முறிந்தபோது, வி.பி. சிங் அரசு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. மேற்கொண்டு பேச்சு நடத்த முயலப்போவதில்லை, சட்டப்படி நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மே 4 அன்று, ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 2 அன்று, நீதிபதி சித்ததோஷ் முகர்ஜி தலைமையில் காவிரி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது.

நீதிமன்றம் சொன்னதைத்தானே செய்தார், இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விவசாயிகளின் மனுவும் நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் இது நடந்திருக்காது. திமுக அரசின் வற்புறுத்தலையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் நீதிமன்ற உத்தரவுகளை அரசுகள் எப்படியெல்லாம் தள்ளிப்போடும் என்பதைப் பின்னாளில் இதே காவிரி வழக்கில் நாம் கண்ணாரக் கண்டோம். கூடுதல் அவகாசம் கேட்பது, விளக்கம் கேட்பது, ஒரு மாநிலத்தில் தேர்தல் வருகிறது என்பது என வழிகள் பல. அவர் எதையும் நாடவில்லை. தமிழ்நாட்டில் அவருக்குக் காக்க ஓர் இடமும் இல்லை. கர்நாடகத்திலோ, 1989இல் ஆட்சியைப் பறிகொடுத்து அதை மீட்கத் துடித்துக்கொண்டிருந்தது அவருடைய ஜனதா தளம். அரசியல் கணக்குப் பார்ப்பவர் அந்த நிலையில் தாமதமே செய்திருப்பார்.

11 மாதங்களின் வரவும் செலவும்

அந்த அரசின் மற்றச் செயல்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலங்கையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் திரும்பப் பெறுதல் 1990 மார்ச்சில் நிறைவுற்றது. அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தில் 40 ஆண்டுகளாக ஏட்டளவில் இருந்த மாநிலங்களுக்கிடையிலான மன்றம் 1990 மே 28 அன்று அமைந்தது. ஆகஸ்ட் 7 அன்று, மத்திய அரசுப் பணிகளில் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. வட இந்தியாவில் போராட்டம் மூண்டது, மாணவர்கள் தீக்குளித்தனர். மண்டல் குழு அறிக்கையைப் பத்தாண்டுகள் தூங்கவைத்திருந்த நாடு, அதைத் தட்டி எழுப்பியவரை மன்னிக்கவில்லை. 1992 நவம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை, முன்னேறிய பிரிவினரை விலக்கும் நிபந்தனையுடன், உறுதி செய்தது.

செலவுப் பக்கமும் உண்டு. 10,000 ரூபாய் வரையிலான வேளாண், ஊரகக் கடன் நிலுவைகளை அந்த அரசு தள்ளுபடி செய்தது. கூட்டுறவு வங்கிகள் உள்ளிட்ட ஊரகக் கடன் அமைப்பின் ஒழுங்கை அது குலைத்தது. ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியானார். 1991 நெருக்கடிக்கு 1980கள் முழுவதும் சேர்ந்துவந்த நிதிப் பற்றாக்குறையே முதற்காரணம் எனினும், அதைக் குறைக்க அந்த அரசும் எதுவும் செய்யவில்லை.

அப்போது நான் கல்லூரியில் விரிவுரையாளர். இந்தத் தள்ளுபடியை வகுப்பில் கடுமையாக விமர்சித்தேன். முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். விவசாயத் தொழிலாளியின் மகன். "தள்ளுபடி செய்ய எங்கள் வீட்டில் கடனே கிடையாது சார். பாங்கில் யாரும் கொடுத்ததில்லை" என்றார். என் விமர்சனம் தவறன்று, இன்றும் அதே கருத்துதான். ஆனால் கடன் ஒழுங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய நான், கடன் பெறும் தகுதியே மறுக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இந்த ஆட்சி நிலைக்காது, இதனால் நிலைக்கக்கூடிய எதுவும் நடக்காது என்றும் அந்த வகுப்பில் சொல்லியிருந்தேன். முதற்பாதி சரியாயிற்று. பிற்பாதியில் நான் முற்றிலும் தவறினேன்.

1990 அக்டோபரில் அத்வானியின் ரத யாத்திரை பிகாரில் நிறுத்தப்பட்டது, பாஜக ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 7 அன்று மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வி.பி. சிங் தோற்றார்.

எண்ணாக மாறிய உரிமை

அரசு கவிழ்ந்தது, நடுவர் மன்றம் கவிழவில்லை. 1991 ஜூன் 25 அன்று, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி நீர் வர வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறந்தது. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. அன்று, பதவியில் இல்லாத வி.பி. சிங்குக்கு 60 வயது நிறைந்தது. இடைக்கால ஆணையை முறியடிக்கக் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாது என்று அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளியானபோது பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். சட்டவழிக்கும் மனிதர்கள் விலை கொடுத்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை.

இறுதித் தீர்ப்பு வர 17 ஆண்டுகள் ஆயின. 2007 பிப்ரவரி 5 அன்று, மொத்தம் 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரிக்கப்பட்டது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 192 டிஎம்சி. அது அரசிதழில் ஏற 2013 ஆயிற்று. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், படுகையின் நிலத்தடி நீரையும் பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் காட்டி அதை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அந்த ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

இதனால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று எந்த விவசாயியும் கேட்பார். எல்லா ஆண்டும் வரவில்லை. 2012இலும் 2016இலும் படுகை வறண்டது. ஆணையம் வந்த பிறகும் 2023இல் குறுவை வாடியது. மழை பொய்க்கும் ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பது இன்னும் முழுமையாகத் தீராத கேள்வி.

எனினும் 1990க்கு முன்பும் பின்பும் ஒன்றல்ல. முன்பு ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்திடம் கேட்டது, மனமிருந்தால் கிடைத்தது. பின்பு அந்தக் கேட்பு ஓர் எண்ணாக மாறியது. எண் இருப்பதால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடிகிறது. குறைந்ததைச் சொல்ல முடிவதால் வழக்காட முடிகிறது. 205 என்றும் 192 என்றும் 177.25 என்றும் அந்த எண் சுருங்கிவந்தது நமக்கு வருத்தமே. ஆனால் எண்ணே இல்லாத காலத்தோடு ஒப்பிட, சுருங்கிய எண்ணும் ஒரு காப்பு. ஜூன் மாதத்தில் குறுவைக்கு நாற்றங்கால் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய சிறு விவசாயிக்கு, நிச்சயம் என்பது நீருக்கு அடுத்தபடியான இடுபொருள்.

மறுத்த பதவி, தளர்ந்த உடல்

1996இல் ஐக்கிய முன்னணித் தலைவர்கள் அவரையே மீண்டும் பிரதமராக அழைத்தார்கள். அவர் மறுத்தார். வற்புறுத்த வந்தவர்களைத் தவிர்க்க வீட்டை விட்டே கிளம்பிப் போனார். அதன்பின் பிரதமரானவர், காவிரிப் பிரச்சினையில் கர்நாடகத்தின் குரலாக விளங்கிய தேவெ கௌடா. அந்த மறுப்பு படுகைக்கு உகந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். பற்றின்மைக்கும் விலை உண்டு, சில நேரம் அதைப் பிறர் கொடுக்க நேர்கிறது.

உடல் முன்பே தளர்ந்திருந்தது. 1993இல் மும்பைக் கலவரங்களை ஒட்டி அவர் தண்ணீரும் அருந்தாமல் இருந்த உண்ணாநோன்பு சிறுநீரகங்களைப் பாதித்தது. பிறகு எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயும் சேர்ந்தது. ரத்தச் சுத்திகரிப்பை நம்பியே கடைசி ஆண்டுகள் கழிந்தன. அந்த நிலையிலும் 2006இல், மின்நிலையம் ஒன்றுக்காகத் தாத்ரியில் விளைநிலம் கையகப்படுத்தப்பட்டதை எதிர்த்த விவசாயிகளோடு நின்றார். இளமையில் நிலத்தைக் கொடுத்தவர், முதுமையில் நிலம் பறிபோனவர்களுக்காகக் குரல் கொடுத்தார். 2008 நவம்பர் 29 அன்று அலகாபாத்தில் கங்கைக் கரையில் அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. அன்று காலைதான் மும்பைத் தாக்குதல் முடிவுக்கு வந்திருந்தது. படுகையில் வெள்ளம் இன்னும் வடியவில்லை.

15 ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் 27 அன்று, சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் அவருக்குத் தமிழ்நாடு அரசு சிலை எடுத்தது. மனைவியும் மகனும் வந்திருந்தார்கள். சமூகநீதிக் காவலர் என்று அவர் போற்றப்பட்டார். பொருத்தமான மரியாதை. தஞ்சாவூரில் இன்னொரு சிலை வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. வாழும்போது எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாதவருக்குக் கல்லும் வெண்கலமும் அவ்வளவு அவசியமில்லை.

நான் கேட்பது வேறு. காவிரி நீர் வழக்கின் வரலாற்றை நம் கல்லூரிகளில் ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும். 1983இல் தாமாகவே முன்வந்து உச்ச நீதிமன்றப் படியேறிய விவசாயிகள், ஆட்சி மாறியும் கோரிக்கையை மாற்றாத மாநில அரசுகள், இன்னும் பேசலாம் என்ற வசதியான சொல்லைக் கைவிட்ட ஒரு மத்திய அரசு ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் நமக்கு ஓர் எண் கிடைத்தது. இனி மேக்கேதாட்டு போன்ற ஒவ்வொரு பூசலிலும் இந்த மூன்றும் நமக்கு மறுபடி தேவைப்படும். இவற்றுள் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பயனற்றுப்போகும்.

மேட்டூர் திறக்கும் நாளான ஜூன் 12ஐ அறியாத விவசாயி படுகையில் இல்லை. அதற்குப் பத்து நாள் முன்னதாக ஜூன் 2 வருகிறது. அந்த நாளையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்.